தைத்த படகும் ஆரணி சக்கரவர்த்தியும்

ஆரணி கொசப்பாளையத்துச் சக்கரவர்த்திக்கு ஆளுவதற்கு நாடு கிடையாது. ஒரு மேசை உண்டு. ஒரு பட்டுக் கடையின் மாடியில், ஜன்னலோரம், வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. நெசவாளர்கள் தறியிலிருந்து அறுத்துக்கொண்டு வரும் புடவையை முதலில் அதில்தான் போட வேண்டும். சக்கரவர்த்தி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புடவையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், பின்பக்கம் பார்க்கிறவன்தான் ஆள் என்பது அவர் கொள்கை. கரையும் உடலும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டுவார். எங்காவது ஒரு இழை விட்டிருந்தால் போதும், மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்துவிடும். எதிரே நிற்கும் நெசவாளி அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததுமே, கூலியில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவான்.

இத்தனைக்கும் அவர் நெய்த லட்சணம் தெருவுக்கே தெரியும். பள்ளிக்கூடப் படிப்பு நின்றதும் அப்பா அவரைத் தறிக்குழியில் இறக்கினார். கரை ஒரு பக்கம் போனது, உடல் ஒரு பக்கம் போனது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாவு சரியில்லை, பலகை சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு குழியைவிட்டு ஏறியவர்தான், பிறகு இறங்கவே இல்லை. நெய்யத் தெரியாதவனிடம் நெய்தவனின் குறையை மட்டும் பார்க்கக் கொடுத்தால் நன்றாகப் பார்ப்பான் என்று கடை முதலாளி கண்டுகொண்டார். வியாபாரி அல்லவா, ஆள் பார்ப்பதில் தப்புப் பண்ணவில்லை.

சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் அவருக்கு ஒரு சின்னக் கத்தரி இருக்கும். புடவையில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுவதற்கு. கடையோடு அது நின்றிருந்தால் தொல்லையில்லை. பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் காலரில் நூல் தொங்கினாலும் அவர் கை பையைத் தேடும். போளூரில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை மணிக்கட்டில் கட்டியிருந்த காப்புக் கயிற்றின் வாலைப் பேச்சுவாக்கில் நறுக்கிவிட்டார். பெண் வீட்டுக்காரர்கள் சகுனம் கெட்டது என்று குதித்தார்கள். “முடிச்சு போடத் தெரியாம வாலை நீட்டி வுட்டிருக்கான் ஐயரு, அதக் கேளுங்க” என்று அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று அவர் மனைவி சசிகலா ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். அப்புறம், பார்ப்பதற்கே சுற்றம் மிச்சமில்லை என்று ஆனதும் சொல்வதை விட்டுவிட்டாள்.

அந்த வீட்டில் குறை கேட்காமல் வளர்ந்தது மகள் சத்யப்ரியா ஒருத்திதான். அவளிடம் மட்டும் சக்கரவர்த்தி பின்பக்கம் புரட்டிப் பார்த்ததில்லை. அவள் போட்ட உப்பில்லாத உப்புமாவை, “இதான் ஒடம்புக்கு நல்லது” என்று சாப்பிட்டவர். அத்தனை பிரியம். பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலைக்கு அவள் போனபோது, வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னல் சரியில்லை என்று டிரைவரைத் திட்டியதும் அதே வாசலில்தான்.

அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். பெயர் அன்புச்செல்வன். மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பம். உளி பட்டுக் கட்டைவிரல் கிழிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவன், தையல் பிரித்த பிறகும் வந்துகொண்டிருந்தான்.

“இன்னா வேலை?”

“படகு கட்றாருப்பா. மரப்படகு.”

“ஏம்மா, ஊர்ல நாற்காலி, மேசைலாம் செஞ்சி முடிச்சிட்டாங்களா?”

“கிண்டல் பண்ணாதீங்கப்பா. ஒருத்தன் செஞ்ச வேலையப் பாத்தா ஆளு இன்னான்னு தெரிஞ்சிடும்னு நீங்கதானே சொல்வீங்க? அடுத்த வாரம் அங்க படகுக் கண்காட்சி நடக்குது. அவரு தன் கையால கட்டின படகு வருது. வந்து பாருங்க. பாத்துட்டு நீங்க வேணாம்னா, நானும் வேணாம்னுடறேன்.”

சசிகலாவுக்குப் பகீரென்றது. இந்த மனுஷனிடம் போய் இப்படி ஒரு வார்த்தையைக் கொடுக்கலாமா? ஆனால் சத்யப்ரியா தன் அப்பாவின் கண்ணை நம்பினாள். நல்ல வேலையைக் கண்டால் மனுஷன் நல்லது என்று சொல்லிவிடுவார் என்று நம்பினாள். சக்கரவர்த்தியோ அந்த நிமிஷமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார். கடற்கரைக் குப்பம், தச்சு வேலை, அதுவும் தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தீர்ப்பை எழுதி மடியில் வைத்துக்கொண்டு, மகளோடு விசாரணைக்குக் கிளம்பினார்.

வந்தவாசி வரை பஸ் சீட்டைக் குறை சொன்னார். திண்டிவனத்தில் டீயைக் குறை சொன்னார். மரக்காணத்தில் இறங்கியதும் உப்பளக் காற்று முகத்தில் அடிக்க, காற்றையே குறை சொன்னார். தன் ஊர் ஆறான நாகநதியில் வருஷத்தில் பாதி நாள் மணலைப் பார்த்து வளர்ந்த மனுஷனுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேச எவ்வளவு இருந்தது என்கிறீர்கள்!

கண்காட்சி முகத்துவாரத்தின் கரையில், ஒரு தென்னந்தோப்பில் நடந்தது. சும்மா சொல்லக் கூடாது, குறை சொல்ல அங்கே விஷயம் இருக்கத்தான் செய்தது. வாசலில் கட்டியிருந்த பேனரில் சிறப்பு விருந்தினரின் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது, படகு ஒரு மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது. அந்த விருந்தினர் கடல் நம் தாய் என்று மைக்கில் முழங்கிவிட்டு, பேன்ட் நனைந்துவிடும் என்று தண்ணீருக்குப் பத்தடி தள்ளியே நின்றார். படகுகளைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள்.

சக்கரவர்த்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாகப் பார்வையிட்டார். கட்டுமரத்தைப் பார்த்து, “நாலு கட்டைய சேத்துக் கட்டினா படகா? எங்கூர்ல இதுக்குப் பேரு வெறகுக் கட்டு” என்றார். பனைமரத்தைக் குடைந்த தோணியைப் பார்த்து, “மாட்டுக்குத் தண்ணி காட்ற தொட்டி” என்றார். பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் வார்னிஷ் அடித்து மினுமினுவென்று வைத்திருந்த பாய்மரப் படகை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். “முகம் பாத்து சவரம் பண்ணிக்கலாம்” என்று அதற்கும் ஒன்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பின்னால் வந்த சத்யப்ரியா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அன்புச்செல்வன் எதிரே வந்து கும்பிட்டான். மாமா என்று கூப்பிட்டால் உரிமை எடுத்துக்கொள்கிறான் என்று சொல்லவும், சார் என்று கூப்பிட்டால் ஒட்டாமல் பேசுகிறான் என்று சொல்லவும் சக்கரவர்த்தி தயாராக இருந்தார். பையன் “வாங்க” என்று மட்டும் சொன்னான். வார்த்தையில்கூடக் கஞ்சன் என்று குறித்துக்கொண்டார். அவன் அம்மா அஞ்சலாட்சி, முந்தானையை இழுத்துச் செருகியபடி வந்து, “வாங்கண்ணே, வெய்யில்ல வந்துருக்கீங்க, எளநி குடிங்க” என்றாள். இளநீர் முற்றல் என்று சொல்லிவிட்டு முழுவதையும் குடித்தார்.

அன்புச்செல்வனின் படகு தோப்பின் ஓரத்தில், கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை துளை போட்டு, இடையில் நாரை வைத்து அழுத்தி, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருந்தான். அந்தக் காலத்தில் அலை அடிக்கிற கரையில் இப்படித்தான் தைத்த படகை இறக்குவார்களாம், ஆணி அடித்தது உடையும், தைத்தது வளைந்து கொடுக்கும் என்றான். சக்கரவர்த்தி கொட்டாவி விட்டார். அவனும் சத்யப்ரியாவும் துடுப்பு எடுத்து வரப் போனார்கள். அஞ்சலாட்சி யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனாள்.

தனியே விட்டதும் அவருக்கு வேலைப் புத்தி வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, படகின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பலகை சேருகிற இடத்தில் விரலை ஓட்டினார். தையலுக்குத் தையல் ஒரே இடைவெளி, ஒரே இறுக்கம். ஒரு இடத்தில் தளரட்டுமே என்று பின்கோடியிலிருந்து முன்கோடிவரை தவழாத குறையாகப் போனார். தளரவில்லை. அவருக்குக் கோபமே வந்தது. குறையில்லாத புடவை மேசைக்கு வருகிற அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இதுவோ, மகளைக் கேட்டு வந்திருக்கிறவன் செய்த வேலை. நல்ல வேலை என்று ஒரு வார்த்தை சொன்னால் பெண் கையைவிட்டுப் போய்விடும்.

அப்போதுதான் படகின் முகப்பில், தையல் முடிகிற முடிச்சிலிருந்து, ஒரு சாண் கயிறு தொங்குவதைப் பார்த்தார். அடடா, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! “பிசிறு வெட்டாம கொண்டாந்து வெச்சிருக்கான்” என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லும்போதே கை பைக்குள் போய்விட்டது. நார்க் கயிறு பட்டு நூலைப்போலச் சுலபத்தில் வெட்டுப்படவில்லை. கத்தரியை மாற்றி மாற்றிக் கடிக்கவிட்டு, முடிச்சோடு ஒட்டச் சுத்தமாக நறுக்கி, வாலை மணலில் எறிந்தார். தள்ளி நின்று பார்த்தார். இப்போதுதான் படகு பார்க்கிற மாதிரி இருந்தது.

மகள் வந்ததும், “வேலை சுமார். முடிக்கத் தெரியல” என்று தீர்ப்பின் முதல் வரியைச் சொன்னார். மிச்சத்தைப் பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

மத்தியானம் படகுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கினார்கள். முகத்துவாரத்தின் நடுவில் நட்டிருந்த கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும், சீக்கிரம் திரும்புகிறவனுக்குப் பரிசு. முதலில் போனவன் பக்கத்துக் குப்பத்துத் திருமலை. நல்ல படகு, நல்ல கை, விசுக்கென்று போய்விட்டு வந்தான். அடுத்து அன்புச்செல்வன். போகும்போது அவன் படகு அழகாகத்தான் போனது. சத்யப்ரியா கரையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். கம்பத்தைச் சுற்றுகிற இடத்தில் முகப்பு தாழ்ந்தது. அவன் துடுப்பை விட்டுவிட்டு முன்பக்கம் தவழ்ந்து போனான். தையல் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டே வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு மூக்கைக் கீழே குத்தி நிரம்பியது. அவன் நீந்தினான்.

கரையில் சிரிப்பு கிளம்பியது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது ஆரணி சக்கரவர்த்திதான். “தெச்சான் பாரு தையலு! எங்கூர்ல மூட்டை தெய்க்கிறவன்கூட இதவிட நல்லா தெய்ப்பான்!” என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னார். மகள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், அதுதான் அவருடைய லட்சணம்.

படகைக் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். அன்புச்செல்வன் ஈரத்தோடு மண்டியிட்டு முகப்பைத் தடவினான். கயிற்றின் நுனியை விரலால் நெருடிப் பார்த்தான்.

“இத யாரோ வெட்டியிருக்காங்க” என்றான். “முடிச்சுக்கு வாலு வுட்டிருந்தேன். கயிறு ஊறினா நழுவும். வாலு இருந்தா தன்னால இறுகிக்கும். ஒட்ட வெட்டிட்டா அவுந்துகினே வரும்.”

முடிச்சை ஒட்ட வெட்டினால் அவிழும் என்பது தறிக்குழியில் ஒழுங்காக உட்கார்ந்த யாருக்கும் தெரியும். சக்கரவர்த்தி உட்கார்ந்தால்தானே? சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

கூட்டத்தில் ஒருவன் திருமலை பக்கம் திரும்பினான். “உன் ஆளுங்கதான்டா காலைலேர்ந்து பக்கத்துல சுத்திகினு இருந்தானுங்க.” திருமலைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எவன்டா சொன்னது? ஜெயிக்கறதுக்கு எனுக்குக் கத்தி வோணுமா?” என்று எகிறினான். சொன்னவன் அவன் சட்டையைப் பிடித்தான். இந்தக் குப்பத்து ஆள் நாலு பேர் வந்தார்கள், அந்தக் குப்பத்து ஆள் ஆறு பேர் வந்தார்கள். ஒருவன் துடுப்பை ஓங்கினான்.

ஒரு வார்த்தை போதும். நான் வெட்டினேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் அத்தனையும் அடங்கியிருக்கும். திறந்தால் மூடத் தெரியாத வாய் அது. அன்றைக்கு என்னவோ திறக்கவில்லை. தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்க்கிறவர்போல நின்றார். சத்யப்ரியா படகு முகப்பைப் பார்த்தாள். அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தாள். பைக்கு வெளியே நீட்டியிருந்த கத்தரியின் வாயில் நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஓங்கிய துடுப்புக்கு நடுவில் போய் நின்றாள். “வுடுங்க. அவங்க யாரும் வெட்டல. எங்கப்பாதான் வெட்னாரு. பிசிறுன்னு நெனச்சிருப்பாரு. பொடவைக் கடைல அவருக்கு அதான் வேலை.”

எல்லோரும் தென்னை மரத்தடியைப் பார்த்தார்கள். துடுப்பு இறங்கியது. திருமலை கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டு தன் ஆட்களோடு நகர்ந்தான். “தெரியாம செஞ்சிட்டாரும்மா, வுடு” என்றான் அன்புச்செல்வன், தன் அம்மாவிடம்.

அஞ்சலாட்சி விடவில்லை. அவள் சக்கரவர்த்தியிடம் பேசவும் இல்லை. சத்யப்ரியாவிடம்தான் பேசினாள்.

“உன்ன எனுக்குப் புடிச்சிருக்குதும்மா, பொய் சொல்லல. வெட்னத வுடு. சிரிச்சாரு பாரு, அதையும் வுடு. ரெண்டு ஊரு புள்ளைங்க மண்டைய ஒடச்சிக்கப் போறானுங்க, பாத்துகினு நின்னாரே! நாங்க கடல்ல போற குடும்பம். ஓட்ட வுழுந்தா வுழுந்துதுன்னு வாயத் தொறந்து சொல்றவங்களோடதான் நாங்க சேந்து போக முடியும். இந்த சம்பந்தம் நமக்கு வேணாம்மா.”

ஆக, எந்தப் பதிலுக்காக ஆரணியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தாரோ, அந்தப் பதில் கைக்கு வந்துவிட்டது. சொல்லுகிற சிரமம்கூட அவருக்கு இல்லாமல் போயிற்று.

அப்பாவும் மகளும் தார் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். அவள் அழவில்லை. அவருக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

“நானே வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். அவங்களே சொல்லிட்டாங்க, நல்லதாப் போச்சி.”

“படகுல எதாச்சும் குறை இருந்துச்சாப்பா?”

அவர் ரோட்டைப் பார்த்தார். “இல்ல” என்றார்.

“அவருகிட்ட?”

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

“எங்கிட்ட?”

“உங்கிட்ட இன்னாம்மா குறை? யாரு சொன்னது?”

“அவங்க இப்ப வேணாம்னு சொன்னது என்னத்தாம்பா.”

அது அவருக்கு உறைத்தது. அதுவரை வேண்டாம் என்றது தன்னை என்றும், தன் ஊரை என்றும், தன் சாமர்த்தியத்தை என்றும் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை, ஒதுக்கி வைத்தது இந்தப் பெண்ணை. ஒரு இழை தப்பாத பெண்ணை, அவரோடு சேர்ந்து வந்தாள் என்பதற்காக. தூரத்தில் பஸ் வந்தது. சக்கரவர்த்தி, “இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குள் திரும்ப நடந்தார். மணலில் கால் புதைந்தது. மணலைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

அஞ்சலாட்சி வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த சோற்றுக் குண்டானைத் திறந்துகொண்டிருந்தாள். அன்புச்செல்வன் படகைக் கவிழ்த்துப்போட்டு ஈரக் கயிற்றை உருவிக்கொண்டிருந்தான்.

“நான்தாம்மா வெட்னேன்” என்றார் சக்கரவர்த்தி.

“அதத்தான் உம் பொண்ணு அப்பவே சொல்லிடுச்சே. நீ புதுசா இன்னா சொல்ல வந்த?” இப்போது அவள் வாயில் அண்ணனும் இல்லை, வாங்க போங்கவும் இல்லை.

“எம் பொண்ணுமேல குத்தம் இல்ல. குத்தம் எங்கிட்ட. என்னக் கழிச்சிட்டு அவள எடுத்துக்குங்க. கல்யாணத்துக்கு வராதன்னாலும் வரல.”

அஞ்சலாட்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்கிட்ட வந்து சொல்லிட்டா ஆச்சா? அடி வாங்க இருந்தது நானா? அந்தா குந்திகினு இருக்கான் திருமலை. அவங்கிட்ட போய்ச் சொல்லு.”

திருமலையும் அவன் ஆட்களும் தோப்பின் மறுகோடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சக்கரவர்த்தி போனார். அவர் நிழல் இலையில் விழுந்ததும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவர் உதடு அசைந்தது.

“இன்னா பெரியவரே? காதுல வுழல” என்றான் திருமலை. விழுந்திருந்தது, எல்லோருக்கும் விழுந்திருந்தது.

“நான்தான் வெட்னேன். உம்மேல பழி வந்தப்ப பேசாம நின்னுகினு இருந்தேன். தப்பு என்னுது.”

“அந்தப் பக்கம் கேக்கணும் இல்ல? அவங்கதானே எஞ்சட்டையப் புடிச்சாங்க?”

சக்கரவர்த்தி திரும்பி நின்று, கழுத்து நரம்பு புடைக்க, தோப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னார். ஐஸ் வண்டிக்காரன்கூட மணி அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

மறுகோடியில் அஞ்சலாட்சி கரண்டியைக் குழம்பில் விட்டுக் கலக்கினாள். பிறகு மகனைப் பார்த்து, “ரோட்ல அந்தப் பொண்ணு ஒண்டியா நின்னுகினு இருக்குது. போய் சாப்புட இட்டுகினு வா” என்றாள்.

அன்புச்செல்வன் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். “அவங்கப்பா?”

“அவரு எங்க போயிடப் போறாரு? மீன்ல முள்ளு இருக்குதுன்னு சொல்றதுக்காச்சும் வருவாரு.”